கைப்பிடி அரிசி: சுங்கை சிப்புட்டில் எட்டு நாள்

முதல் நாள், வியாழன்

திருச்சியில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறினேன். நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, கே.எல். சென்ட்ரலுக்கு வந்து வடக்கே போகும் இ.டி.எஸ். ரயிலைப் பிடித்தேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. அதனால்தான் என்னைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியை கோடை விடுமுறையில் இப்படிக் கிளம்ப முடிகிறது.

இரண்டு பெட்டி கொண்டுவந்தேன். ஒன்று முழுக்கத் தின்பண்டம்: கருப்பட்டி, முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, சின்னவனுக்குத் தூத்துக்குடி மக்ரூன். இன்னொன்றில் என் துணிகளுக்கு நடுவே அம்மாவின் கைப்பிடி அரிசி டப்பா. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுவார்கள். அது சேர்ந்ததும் சபைக்குப் போகும். அதை விற்று வரும் காசு ஊழியத்துக்கு. அம்மா சாகும்வரை ஒரு வேளைகூட இதைத் தவறவிட்டதில்லை. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடி மட்டும் குறையாது.

அக்காவும் அத்தானும் இங்கே, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு, ஊழியத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அம்மா போய் இரண்டு வருஷம். அம்மாவின் அடக்கத்துக்கு அக்கா வரவில்லை. அவளிடம் ஒருநாளும் இதைப் பற்றி நான் கேட்டதில்லை. ஆனால் மனதில் கிடந்தது. அதை மறைத்துவிட்டு இந்த நாட்களைப் பற்றி எழுதினால் எழுதுவது உண்மையாக இருக்காது.

ரயிலில் பாதி தூரம் செம்பனைதான். ஈப்போ நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் திடுதிப்பென்று தரையிலிருந்து எழும்பி நிற்கின்றன. சுங்கை சிப்புட் நிலையத்தில் அத்தானும் பிள்ளைகளும் நின்றார்கள். அக்கா வரவில்லை. யாரோ ஒரு அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாளாம். சின்னவன் ஊரைவிட்டு வரும்போது இரண்டு வயது. இப்போது எட்டு. "சித்தி, பேக்கை நான் தூக்குறேன் லா" என்றான்.

இரண்டாம் நாள், வெள்ளி

அக்கா வீடு ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுகளில் நடுவில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தது. இங்கே காலை ஏழு மணி வரை இருட்டு. பள்ளிக்கூடமோ ஏழரைக்கு. அதனால் வீடு ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது. அத்தான் முன்னறையில் முழங்காலில் இருந்தார். அக்கா அடுப்படியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் கிண்டிக்கொண்டே வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவள் கண்ணைத் திறக்காமலே சப்பாத்துக்குக் கயிறு கட்டினாள். சின்னவன் வந்து, "சித்தி பசியாறிட்டீங்களா?" என்றான். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே இதுதான் சொல். பசி ஆறியதா என்று ஒரு குழந்தை கேட்கும்போது மனசுக்கு அப்படி ஒரு சுகம்.

அக்கா கருப்பட்டிக் காப்பி தந்தாள். ஆறு வருஷமாக இதைக் கூலா மலாக்கா போட்டுத்தான் குடிக்கிறார்களாம். அது தென்னம்பாளையில் எடுக்கும் வெல்லம், நிறம் அதே நிறம். நான் கொண்டுவந்த பனங்கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுக்கொண்டவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிள்ளைகள் போனபின் கதவு திறந்ததுதான், இரவு பத்து மணி வரை மூடவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். ஒருவர் கையில் மருத்துவமனைக் கடிதம். மலாயில் இருந்தது, படித்துச் சொல்ல வேண்டும். ஒரு இளைஞனுக்கு வேலையிடத்தில் சம்பளப் பிரச்சினை. ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் அடுப்படியில் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனபின் நான் கேட்டதற்கு, "அவளுக்கு உக்காந்து இருக்க ஒரு இடம் வேணும், ஏட்டி. அவ்வளவுதான்" என்றாள்.

இதற்கிடையே வாசலில் ஒரு முருங்கைக்கீரைக் கட்டு, ஒரு பை அரிசி, நாலு முட்டை. யார் வைத்தது என்று தெரியாது. அக்கா எடுத்து உள்ளே வைத்தாள். அதில்தான் அன்றைய இரவுச் சாப்பாடு.

அக்கா ஊரில் பன்னிரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு வந்தாள். இங்கே அத்தானுக்குக் கிடைத்திருப்பது ஊழியத்துக்கான அனுமதி. அதில் கூட வந்த மனைவி சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அப்படியானால் அக்கா சும்மா இருக்கிறாள் என்று அர்த்தமா? மிஷனெரி என்றால் பிரசங்க மேடையில் நிற்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த அடுப்படியில் ஒரு நாள் இருந்து பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

அம்மாவின் டப்பாவை இன்று எடுத்துக் கொடுத்தேன். அக்கா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். இரவு உலைக்கு அரிசி அளந்தபோது ஒரு பிடி அதில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள், சனி

அத்தானோடு தோட்டத்துக்குப் போனேன். அவருடைய வேன் பழசு. மழையில் செம்மண் பாதையில் அது போகிற போக்கைப் பார்த்து நான் கம்பியை விடவே இல்லை.

சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. ஊர் சின்னதுதான், ஆனால் மலேசிய சரித்திரத்தில் பெரிய இடம். 1948 ஜூன் 16 அன்று இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, காட்டில் இருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கில அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலை இன்னும் இங்கே நடக்கிறது.

போகிற வழியில் முன்பு எல்லாம் பால் மரமாக இருந்ததாம். மலேசியத் தமிழர் ரப்பர் மரத்தைப் பால் மரம் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. குலை ஒவ்வொன்றும் நல்ல கனம். நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து நின்று இழுக்க வேண்டும். மரத்தடியில் நாலைந்து பழம் உதிர்ந்து கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று அடையாளம். வெட்டினபின் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கெட்டுப் போகும். இன்றைக்கு அதை வெட்டுபவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் தோட்டத்தைவிட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்டன. வந்தவர்களா, வரவைக்கப்பட்டவர்களா என்பது வேறு கதை. தோட்டம் கைமாறும்போதெல்லாம், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயமும் போய்விடுகிறது.

மிச்சம் இருக்கும் ஒரு லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். 82 வயது. பேரன் இன்னும் தோட்டத்தில் வேலை பார்ப்பதால் வீடு இருக்கிறது. வேன் சத்தம் கேட்டதுமே வாசலில் வந்து நின்றார். "பாஸ்டரையா, தங்கச்சிய கூட்டியாந்தீங்களா? ஊர்ல மழையா ஆயி?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்தது இங்கேதான். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஊர் என்றால் அவருக்குக் கடலுக்கு அந்தப்பக்கம்தான். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கங்காணி ஒருவர் ஆள் பிடித்து வந்த காலம் அது. அந்த முறை 1938இல் நின்றுபோனது.

லயத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கிழட்டுப் பால் மரங்கள் நிற்கின்றன. பாட்டி உளியைக் கொண்டுவந்து எனக்கு வெட்டிக் காட்டினார். முதலில் போன தடவை வெட்டிய கோட்டில் உறைந்து கிடந்த பாலை நூல் மாதிரி உரித்து எடுத்தார். பிறகு உளியைச் சாய்த்து இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பு. சீவல் மெல்லிசாக, சுருண்டு விழுந்தது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, உளி மரத்தில் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. வெள்ளைப் பொட்டுக்கள் வரிசையாக எழும்பி, ஒன்று சேர்ந்து, சாய்வில் இறங்கி, மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டியது. "விடியுமுன்ன வெட்டணும். வெயில் ஏறினா பால் நின்னுரும். மழை பேஞ்சா வெட்டும் இல்ல, கூலியும் இல்ல" என்றார்.

அம்மாவின் அரிசி டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பாட்டி முகம் மாறிவிட்டது. அவசரகாலத்தில் அவர் சின்னப் பிள்ளை. லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. வெட்டுக்குப் போகிறவர்கள் வேலி வாசலில் நின்று சோதனை கொடுக்க வேண்டும். "ஒரு கை அரிசிய வேலிக்கு வெளிய கொண்டுபோக முடியாது ஆயி. எங்கம்மா வெறும் வயித்தோட போயி மத்தியானம் திரும்பி வரும்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அங்க ஒரு பிடி எடுத்து வெச்சிருக்கீங்க. எங்களுக்குப் பிடிச்சு வைக்க வழி இல்ல."

இந்த வாக்கியத்தோடுதான் திரும்பி வந்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு

அத்தான் காலை ஏழு மணியிலிருந்து வேனில் மூன்று நடை போய் ஆட்களைக் கூட்டிவந்தார். ஆராதனைக்கு எழுபது பேர் இருக்கலாம். நம் ஊரில் படிக்கும் அதே வேதாகமம், அதே கீர்த்தனைகள், ஆனால் தாளம் ஒரு பங்கு வேகம். ஜெபத்தில் 'வெள்ளி' என்று வரும் இடமெல்லாம் எனக்குக் கிழமைதான் முதலில் தோன்றியது. இங்கே அது பணம். அத்தானின் ஊழியம் தமிழர்களுக்குள்ளேதான். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்று நாட்டின் அரசியல் சட்டம் 11ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. அந்த எல்லையை அவர் மதித்து நடக்கிறார். மலாய்க்கார அண்டைவீட்டு அம்மாவுக்கும் அக்காவுக்கும் நல்ல சிநேகம். பண்டிகைக்குப் பலகாரம் இரண்டு பக்கமும் போகும்.

ஆராதனை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு. நாலு பெரிய சட்டி. அக்கா ஓய்வுநாள் பள்ளி எடுத்துவிட்டு ஓடிவந்து சொதியைத் தாளித்தாள்.

அப்போது ஒன்று நடந்தது. பெரியவள்தான் ஆராதனையில் கீபோர்டு வாசிப்பாள். சபையில் ஒரு பெரியம்மா அவளை நிறுத்தி, பாஸ்டர் மகள் இவ்வளவு குட்டைச் சட்டை போடலாமா என்று எல்லோர் முன்பும் கேட்டுவிட்டார். சட்டை முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. பிள்ளை ஒன்றும் பதில் பேசாமல் உள்ளே வந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். பதின்மூன்று வயது. "நான் யாருக்கும் சொல்லல, பாஸ்டர் மகளா இருக்கேன்னு" என்றாள். அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தி சொல்லவில்லை, அந்தப் பெரியம்மாவுக்குப் பரிந்தும் பேசவில்லை. "சொல்லல. நாங்கதான் உன்னைக் கேக்காம கூட்டிட்டு வந்தோம்" என்றாள்.

நான் இதை எழுதக் காரணம் இருக்கிறது. அழைப்பு வந்தது பெற்றோருக்கு. பிள்ளைகள் கூட வந்தவர்கள். தன் வயதுத் தோழிகளை, பாட்டியை, தாய்மொழிப் பள்ளியை விட்டுவிட்டு, சரித்திரத்தை மலாயில் படித்து, ஞாயிறுதோறும் எழுபது பேர் பார்வையில் உட்காரும் பிள்ளைக்குச் சபை தர வேண்டியது அளவுகோல் அல்ல, அணைப்பு. ஊழியரை அனுப்பும் நம் ஊர்ச் சபைகளும் இதை யோசிக்க வேண்டும். அவர்களுக்காக ஜெபிக்கும்போது பிள்ளைகளின் பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.

ஐந்தாம் நாள், திங்கள்

திங்கள் அத்தானுக்கு ஓய்வு நாள். எல்லோருமாகக் கோலாகங்சார் போனோம். 1877இல் சிங்கப்பூரிலிருந்து கன்று கொண்டுவந்து அங்கே ஒன்பது பால் மரம் நட்டார்கள். அதில் ஒன்று இன்னும் வேலி போட்டு நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பாட்டியின் அப்பாவை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றியது இந்த மரம்தான் என்று தோன்றியது. சின்னவன் ஐஸ் கச்சாங் வேண்டும் என்றான். கடைக்குப் போய் உட்கார்ந்து, கிண்ணம் வந்து, முதல் கரண்டி எடுக்குமுன் அத்தானின் போன் அடித்தது.

நீண்ட நாள் நோயாகக் கிடந்த ஒரு அம்மா வீட்டிலேயே இறந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியவள் தம்பியின் கிண்ணத்தைப் பிளாஸ்டிக் பையில் கொட்டி வாங்கினாள். பழகிவிட்டது அவர்களுக்கு. எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

சவப்பெட்டிக்காரர் வந்து சேர மாலையாகும் என்றார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு உள்ளே போனாள். என்னையும் கூப்பிட்டாள். வெந்நீர் போட்டுக் கலந்து நான் மொண்டு கொடுத்தேன், அக்கா குளிப்பாட்டினாள். இறந்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். இரண்டு வாளியைக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சுமந்து வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. அக்கா அந்த இடத்துக்கு வந்ததும் துணியை நனைத்து, பிழிந்து, மெதுவாக, நோகுமோ என்பது போல ஒற்றி எடுத்தாள். தலையை வாரிக் கொண்டை போட்டாள். வெள்ளைச் சேலையின் மடிப்பை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு இதையெல்லாம் நான்தான் செய்தேன். தனியாக. செய்யும்போது அக்காவின் மேல் எனக்கு இருந்த கோபத்தைக் கர்த்தர் அறிவார்.

வீடு திரும்பும்போது மணி பதினொன்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அடுப்படித் தரையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

அம்மா போன அன்று நாலு பேர் பாஸ்போர்ட்டும் அனுமதியைப் புதுப்பிக்க அலுவலகத்தில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கொடுத்து வாங்க வேண்டும். அத்தான் ஓடினார், கெஞ்சினார், கையில் கிடைக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். அம்மாவை மறுநாளே எடுக்க வேண்டியிருந்தது. அக்கா போனில்தான் அடக்கத்தைப் பார்த்தாள். பாதியில் படம் நின்றுபோனதாம். கல்லறைக்குப் போகும் வழியில் என்று சொன்னாள், எனக்கு நினைவிருக்கிறது, அங்கே எப்போதும் சிக்னல் கிடைக்காது.

"படம் நின்ன பிறகு என்ன பண்ணன்னு தெரியல. அப்படியே உக்காந்திருந்தேன். யார் சொன்னாங்களோ, தோட்டத்துப் பாட்டி வந்துட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. சபைக்காரங்க மட்டும் இல்லட்டி, கோயில் பக்கத்து வீட்டுக்காரங்க, பின்னாடி வீட்டுச் சீன அம்மா. பாட்டி என் தலையை மடியில வச்சுக்கிட்டு, பாத்தே இராத நம்ம அம்மாவுக்கு ஒப்பாரி வச்சாங்க. நான் அன்னைக்கு வரைக்கும் இவங்களுக்குக் கொடுக்க வந்திருக்கேன்னுதான் நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கு நீ செஞ்ச. நான் செய்யல. இங்க யாரையாவது குளிப்பாட்டும்போது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

ஆறாம் நாள், செவ்வாய்

அடக்கம். நாள் முழுக்க மழை. இன்று வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஏழாம் நாள், புதன்

மே 16 மலேசியாவில் ஆசிரியர் தினம். சின்னவனின் தமிழ்ப்பள்ளியில் இன்றைக்கே கொண்டாடினார்கள், என்னையும் அழைத்தார்கள். நாற்பது ஐம்பது பிள்ளைகள் வரிசையில் நின்று வணக்கம் சொன்ன அழகை என் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு முதன்முதலில் தொடங்கியது 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அதை நிறுவிய ஹட்சிங்ஸ் ஒரு பாதிரியார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றும் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் மூடினாலும் பள்ளியைக் காப்பாற்றியே தீருவது என்று நிற்கும் பெற்றோரை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சின்னவன் தன் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுக்கப் பரிசு வேண்டும் என்று நேற்று இரவு அடம் பிடித்தான். அக்காவிடம் இந்த மாதம் கைச்செலவுக்கு மிச்சம் குறைவு. முந்திரிக்கொத்து நாலு எடுத்து வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அந்த ஆசிரியை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எங்கள் பாட்டி இதைப் பற்றிச் சொல்லுவார்கள், நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கண் கலங்கினார்.

மாலையில் பெரியவளும் நானும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போனோம். நிறையப் பேசினாள். அவளைப் பற்றியது என்பதால் அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெரியம்மா நேற்று அடக்க வீட்டில் அவளுக்குக் குடை பிடித்தாராம், அதை மட்டும் சொல்லலாம்.

எட்டாம் நாள், வியாழன்

காலையில் அக்கா டப்பாவிலிருந்த அரிசியை முறத்தில் கொட்டினாள். ஏழு நாளில் ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்ந்திருந்தது. யார் யார் போட்டார்கள் என்று அவளுக்கே தெரியாது. நான் இரண்டு தடவை போட்டேன். பெரியவள் போட்டதைப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக் கொடுத்த அந்தப் பெண்ணும் ஒருநாள் போட்டாள்.

எங்கள் ஊரில் 1903இல், பிறகு பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்று இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் காசு வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்று தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். அந்த வழியில் வந்த பிடி அரிசிதான் அம்மாவுடையதும். அக்கா சின்ன வயதில் டப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள், நான் பின்னால் போவேன். அரிசி சிந்தினால் அம்மா திட்டுவார்கள்.

"இதை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. இங்க விக்கணும்" என்றாள் அக்கா. விற்பதற்கு ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. என்னை வழியனுப்பப் பேரனின் மோட்டார் சைக்கிளில் பாட்டி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த சிவப்பு நோட்டு ஒன்றை எடுத்தார். பத்து வெள்ளி.

"பாட்டி, இந்த அரிசிக்கு அவ்வளவு ஆகாது" என்றேன்.

"எனக்குத் தெரியும் ஆயி. நான் அரிசி வாங்காதவளா?" என்றார். அப்புறம் ஒரு கதை சொன்னார். சம்பந்தன் ஐயா 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வந்தபோது, துண்டு போட்டு விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று ஆளுக்குப் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். அப்போது இவருக்குப் பதினேழு வயது. அம்மா தன் பங்கைக் கட்டிவிட்டு இவர் பெயரிலும் கட்டச் சொன்னார்களாம். "பத்து வெள்ளின்னா அப்ப எம்மாந் தொகை. எங்கம்மா யோசிக்கல."

அரிசியை அவர் பையில் கொட்டி முடிந்துகொண்டார். இன்றைக்கு ராத்திரி கஞ்சி வைப்பாராம்.

சின்னவன் என் கைப்பைக்குள் ரப்பர் விதை ஐந்து போட்டிருந்தான். போன வருஷம் பொறுக்கியது, பளபளவென்று புள்ளி புள்ளியாக இருக்கிறது. தரையில் தேய்த்துக் கையில் வைத்தால் சுடும். விமான நிலையத்தில் விதையை விடமாட்டார்கள் என்று அத்தான் சொன்னதும் திரும்ப வாங்கிக்கொண்டான். "சித்தி அடுத்த தடவை வரும்போது விளையாடலாம், நான் வச்சிருக்கேன்" என்றான். ரயில் வந்துவிட்டது. இந்தத் தடவை அக்கா நிலையத்துக்கு வந்திருந்தாள். போன் இரண்டு தடவை அடித்தது, அவள் எடுக்கவில்லை.

திருச்சியில் இறங்கியதும் மிச்சம் இருந்த வெள்ளியையெல்லாம் மாற்றிக்கொண்டேன். அந்தச் சிவப்பு நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. அது அம்மாவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி அரிசிக் கணக்கில் அதைக் கட்ட வேண்டும். அதை எப்படி வரவு வைப்பது என்று எங்கள் சபைப் பொருளாளரிடம் நாளைக்குப் பேசப் போகிறேன்.